மூன்று குச்சியும் அவரைக் கொடியும்

டில்லியில் இப்போது செய்தி வாசிக்கிறவரின் முகமே டெலிவிஷன் பெட்டியில் தெரிகிறதாம். திருச்சிக்கும் அது ஒருநாள் வரும் என்று வானொலி நிலையத்தில் சிலர் இப்போதே கிராப்பைச் சீவிக்கொண்டு திரிகிறார்கள். வரட்டும். நான் அங்கே போய்ச் சேர்ந்த வருஷம் அது வராமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய உபகாரம். குரல் மட்டும் போன காலம் என்பதால், பெற்ற அப்பாவிடமிருந்தே என்னால் ஒளிந்துகொள்ள முடிந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறியது நான்தான் முதல். தொட்டியத்தில் எங்களுக்கு வாழை. அப்பாவுக்குக் கைநாட்டு. நான் ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பாலக்கரையில் அத்தை வீட்டில் தங்கி, பி.ஏ.யும் முடித்தேன். அந்தப் படிப்பை நான் அடக்கமாக வைத்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். பஸ் கண்டக்டரிடம்கூட எழுவாய், பயனிலையோடுதான் டிக்கெட் கேட்பேன். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கிழித்துக் கொடுப்பார்.

அதுவரை செய்தி என்றால் டில்லியிலிருந்து வரும், இல்லாவிட்டால் சென்னையிலிருந்து வரும். எந்த மந்திரி எந்த நாட்டில் இறங்கினார் என்பது திருச்சிக்காரருக்கு உடனே தெரியும். பக்கத்துத் தெருவில் குழாய் உடைந்து இரண்டு நாளாகத் தண்ணீர் ஓடுவது தெரியாது. விளையாட்டு என்றால் கிரிக்கெட், அதுவும் இங்கிலீஷில். பாலக்கரையில் ஒரு ரேடியோக் கடை வாசலில் ஆட்ட நாளில் பெருங்கூட்டம் நிற்கும். ரேடியோவுக்குள் கை தட்டினால் இவர்களும் தட்டுவார்கள். அவுட்டானது நம்முடைய ஆள் என்பது மறுநாள் பேப்பரில் தெரியும். அதற்காக யாரும் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த நாளும் வந்து தட்டுவார்கள்.

இதையெல்லாம் மாற்றப் போகிறோம் என்று நிலையத்தில் முடிவு செய்தார்கள். சாயங்காலக் கிராம நிகழ்ச்சியில் ஐந்து நிமிஷம் வட்டாரச் செய்தி, வாரம் ஒருமுறை விளையாட்டைப் பற்றி எளிய உரையாடல். செய்தி வாசிக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். குரல் தேர்வில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்கள். ழகரம் எல்லாம் என் வாயில் அன்று கொஞ்சம் கூடுதலாகவே உருண்டது. வெளியே வந்ததும் கிடைத்த முதல் பஸ்ஸிலேயே ஊருக்குப் போய், "ரேடியோவுல செய்தி வாசிக்கப் போறேம்பா" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. பஞ்சாயத்து ஆபீஸ் கூரைமேல் ஒலிபெருக்கி உண்டு. சாயங்காலம் கிராம நிகழ்ச்சிக்கு ரேடியோவைத் திருப்பிவிடுவார்கள். அதன் எதிரே உள்ள அரசமரத்து மேடையில் தினமும் போய் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, "எம் மவ வருவா, இருங்க" என்று உட்கார வைத்தார். தன் பெயரின் முதலெழுத்து அந்த ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கும் அதே ஆசைதான். அவரைவிட ஒரு பங்கு கூடுதலாகவே இருந்தது.

என்னைத் தேர்ந்தெடுத்த தயாரிப்பாளர் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிக்காரர். நல்ல மனிதர். பெருமாளைத் தவிர யாருக்கும் பயப்படாதவர். வயலை ரயில் ஜன்னலில் பார்த்திருக்கிறார்.

"குரல் பிரமாதம்மா. ஆனா செய்திக்கு இல்லே. ஒனக்கு வேற வெச்சிருக்கேன்" என்று இரண்டு தாளை நீட்டினார்.

அது விளையாட்டு உரையாடல். பட்டணத்து அண்ணன் ஒருவர் கிரிக்கெட்டை விளக்குவார். ஒன்றுமே தெரியாத கிராமத்துப் பெண் ஒருத்தி கேள்வி கேட்பாள். அந்த ஒன்றுமே தெரியாதவள் நான்.

"சார், நான் பி.ஏ."

"தெரியும். அதை வெளியே விட்டுட்டு உள்ளே வா."

வேறு வழியில்லாமல் வாசித்தேன். வசனம் இப்படி ஆரம்பித்தது: "ஏனுங்கோ அண்ணாச்சி, எனக்கு ஒரு சமுசயமுங்கோ!"

"சார், எங்க ஊர்ல யாரும் இப்படிப் பேச மாட்டாங்க. 'என்னங்க'ம்பாங்க. அண்ணாச்சி தெக்கே. ஏனுங்கோ மேக்கே."

"ஒங்க ஊர் எது?"

"தொட்டியம்."

"அது ஆத்தங்கரைம்மா, கிராமத்துல சேர்த்தி இல்லே. நான் சொல்றது நெஜமான கிராமம். எங்கே, இன்னும் கொஞ்சம் இழு. கிராமமே வரலியே ஒனக்கு!"

பிறந்ததிலிருந்து சேற்றில் நடந்த எனக்குக் கிராமம் வரவில்லை என்று சித்திரை வீதி தீர்ப்புச் சொன்னது. பட்டணத்து அண்ணனாக நடித்தவர் ஓரமாக நின்று சிரித்தார். அவருக்கும் கிரிக்கெட் தெரியாது என்பதும், எல்லாம் தாளைப் பார்த்துப் படிப்பதுதான் என்பதும் எனக்குப் பிறகு தெரிந்தது. ஆனால் தெரிந்தவராக நடிப்பது அவர் பாத்திரம். மாதக் கடைசியில் எனக்குக் கொடுத்ததைவிட அவருக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

நிகழ்ச்சி நேரடியாகப் போனது. சிவப்பு விளக்கு எரிந்தது. இழு இழு என்று இழுத்தேன்.

"ஏனுங்கோ அண்ணாச்சி, நடுக்காட்டுல மூணு குச்சிய நட்டு வச்சிருக்காங்களே, அவரைக் கொடி ஏத்தவாங்கோ?"

"ஹா ஹா! அடி பைத்தியமே, அதன் பெயர் ஸ்டம்ப்!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். நடித்தவர் பெயர்களை நிகழ்ச்சியில் சொல்வதில்லை. அன்று அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அடுத்த மாதம் ஊருக்குப் போனேன். அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், மேடையில் கூட்டி வைத்த அத்தனை பேர் முன்னாலும் தலை குனிந்திருப்பார் என்று பஸ்ஸில் முசிறி தாண்டியதிலிருந்து சமாதானம் ஒன்றை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வியே வந்தது.

"என்னாம்மா, தெனமும் போய் ஒக்காந்திருக்கேன். உன் சத்தத்தையே காணோமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ஆனா ஒருத்தி வர்றா பாரு, அந்த கிரிக்கெட்டு பேசறப்ப. எங்கேருந்துதான் புடிச்சாங்களோ! மூணு குச்சியில அவரை ஏத்துறாளாம். மூணு குச்சியில எவளாவது அவரை ஏத்துவாளா? பந்தல்ல போடணும். அவளுக்கு வெவசாயமும் தெரியல, கிரிக்கெட்டும் தெரியல. மேடையே சிரிக்குது!"

"எந்த ஊர்க்காரின்னு நெனைக்கிறீங்க?"

"யாருக்குத் தெரியும்? கோயம்புத்தூரா, திருநெல்வேலியான்னு எங்களுக்குள்ள சண்டையே நடக்குது. நம்ம பக்கம் இல்ல. நம்ம பக்கத்துல அவ்ளோ மண்டு கெடையாது."

சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஊரிலேயே முதலில் படித்த பெண் ரேடியோவில் போய் ஊரிலேயே பெரிய மண்டாக உட்கார்ந்திருக்கிறாள் என்று எந்த வாயால் சொல்வது? சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். அவர் கேலி செய்தது எனக்கு வலிக்கவில்லை. என் குரலுக்காகத் தினமும் போய் உட்கார்ந்து, அது வந்தபோது தெரியாமல் சிரித்துவிட்டு எழுந்து வருகிறாரே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

திரும்பி வந்ததும் நேரே தயாரிப்பாளர் அறைக்குப் போனேன். அதற்குள் அந்த மண்டுப் பெண்ணுக்கு ஊர் ஊராகப் பேர். அவள் இல்லாமல் விளையாட்டு உரையாடலை யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், வட்டாரச் செய்தி வாசிக்க விட்டா அந்தப் பாத்திரத்துக்கு வரேன். இல்லேன்னா வரலை."

"அதெப்படிம்மா? செய்தின்னா ஒரு கம்பீரம் வேணும். நேத்து அவரைக் கொடின்னு கேட்டவ இன்னிக்கு மேட்டூர் நீர்மட்டம் சொன்னா எவன் நம்புவான்? குரல் காட்டிக் கொடுத்துடாதோ?"

"எங்கப்பாவுக்கே தெரியலை சார்."

தயாரிப்பாளர் முகம் மலர்ந்தது. பெற்றவருக்கே தெரியாதபடி ஒரு பெண்ணுக்குக் கிராமத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்று அவருக்கு அதில் ஒரு பெருமைதான். அந்தப் பெருமையிலேயே சம்மதித்துவிட்டார். நான் அதைத் திருத்தப் போகவில்லை.

அடுத்த வாரம் செய்தி. அதுவரை அதை வாசித்தவர் பாலக்கரைக் காய்கறி விலையைக்கூட இழவு சொல்லி அனுப்புகிற குரலில்தான் சொல்வார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாசிப்பவர் பெயரை மட்டும் சொன்னால் போதும், முதலெழுத்து வழக்கமில்லை என்று சொல்லியிருந்தார்கள். விளக்கு எரிந்ததும் அப்பாவின் எழுத்தைச் சேர்த்தேதான் சொன்னேன். நேரடி ஒலிபரப்பில் போன எழுத்தை யார் பிடித்து நிறுத்துவது? மேட்டூர் நீர்மட்டம், மணப்பாறை மாட்டுச் சந்தை, வாழைத்தார் விலை, கடைசியில் உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களின் கால்பந்து முடிவு. அதுவரை எங்கள் பக்கத்துப் பையன்கள் ஜெயித்ததை எந்த ரேடியோவும் சொன்னதில்லை. நான் சொன்னேன், இழுக்காமல்.

பேசியது பேசியபடி நடக்க வேண்டும் என்று மேலும் சில வாரம் அவரைக் கொடியையும் பார்த்துக்கொண்டேன். செய்தி என் கையில் நிலைத்ததும் நிறுத்திவிட்டேன். அந்த இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள். அவள் டாக்டர் மகள். அவளுக்குக் கிராமம் உடனே வந்துவிட்டதாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பா பஸ் நிற்கும் இடத்துக்கே வந்திருந்தார். பெட்டியை என் கையிலிருந்து வாங்கினார்.

"கேட்டேம்மா. என் எழுத்து வந்துச்சு. மேடையில ஒருத்தன் மூச்சு விடல."

கொஞ்ச தூரம் நடந்தோம். அவர் தொண்டையைச் செருமினார். அடுத்து என்ன பாராட்டு வரப்போகிறதோ என்று நான் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"நல்லாத்தான் வாசிக்கிற. ஆனா அந்த அவரைக்கொடிக்காரி ஏம்மா இப்ப வர்றதில்ல? புதுசா ஒருத்தி வர்றா, சரியில்ல. சிரிப்பே வரல."

"அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுப்பா."

"அடடா. எந்தப் பக்கம் குடுத்திருக்காங்க?"

"மருங்காபுரிப் பக்கம்."

பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு யோசித்தார்.

"பரவாயில்ல, அங்க மானாவாரியில அவரை நல்லா வரும்" என்றார். "போய்க் கத்துக்குவா."