குதிரைக்குப் போன என் மரு

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். நாற்பத்துமூன்றோ நாலோ, சரியாக நினைவில்லை. எங்கள் வீடு மந்தைவெளியில். பெட்ரோல் தட்டுப்பாட்டில் மோட்டார் கார்களெல்லாம் கொட்டகையில் முடங்கிக் கிடந்ததால் ஜட்காக்காரர்களுக்கு நல்ல காலம். நானும் எங்கள் தெருப் பெண்கள் மூன்று பேரும் மாம்பலத்தில் ஆசிரியைப் பயிற்சிக்கு ஒரே ஜட்காவில்தான் போய்வருவோம்.

வண்டிக்கார பாய் எங்கள் தெருக்கோடியில் குடியிருந்தார். அவருடைய செவலைக் குதிரைக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. நான் கொண்டுபோகும் வெல்லத்துக்காக என் பையையே மோப்பம் பிடிக்கும்.

அப்போது என் மூக்கோரத்தில் மிளகளவு ஒரு மரு. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது. மருவுக்குக் குதிரை வால் முடிதான் மருந்து என்பது அந்த நாளில் எல்லாருக்கும் தெரியும். முடியை மருவின் அடியில் சுற்றிக் கட்டி, தினம் கொஞ்சம் இறுக்கிக்கொண்டே வந்தால் கறுத்து விழுந்துவிடும். பாயிடம் கேட்டேன். "ஒண்ணு இன்னாம்மா, ரெண்டா எடுத்துக்கோ" என்றார். நான்தான் பொறுமை என்றால் என்னவென்றே தெரியாதவளாயிற்றே! பத்து நாளில் இறுக்க வேண்டியதை ஒரே நாளில் இறுக்கிவிட்டேன். ரத்தம் கொட்டியது, மருவும் போயிற்று. புண்மேல் பவுடரை அப்பிக்கொண்டு பிள்ளை வீட்டாருக்குக் காபி கொடுத்தேன். சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் இருக்கும். ஒரு நாள் காலையில் குதிரைக்கு வெல்லம் நீட்டியவளுக்குத் திக்கென்றது. அதன் மூக்கைச் சுற்றி, உதட்டில், எங்கும் சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டி மருக்கள். ஐயோ, என் மரு இதற்குப் போய்விட்டதே என்று பதறிப்போனேன். முடி அதன் வாலிலிருந்து வந்ததுதானே? அந்த வழியாகவே போயிருக்கிறது! சிரிக்காதீர்கள். பத்தொன்பது வயதில் அதை நான் சத்தியமாக நம்பினேன்.

நம்பியதோடு நிறுத்தினேனா? இந்த ஓட்டை வாய், கூட வந்த தோழியிடம் உளறிவிட்டது. அவள் வீட்டில் சொல்ல, அது தெருவெல்லாம் பரவிவிட்டது. "மனுஷங்ககிட்டேருந்து குதிரைக்குப் போனது, குதிரைகிட்டேருந்து நமக்கு வராதா?" என்றார்கள். ஒரே வாரத்தில் அந்த ஜட்காவில் ஏற ஆளில்லை. அம்மா என்னையும் பஸ்ஸில் போகச் சொன்னாள். நானும் வாயைத் திறக்காமல் போனேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் பாய் வீட்டு வாசலில் கூட்டம். எட்டிப் பார்த்தேன். லாடம் அடிக்கிறவர் கரியடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அதில் கம்பி பழுத்துக்கொண்டிருந்தது. மருக்களைச் சுட்டு எடுக்கப்போகிறார்களாம். குதிரையின் கால்களைக் கயிற்றால் கட்டியாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் அது வெல்லத்துக்காகக் கனைத்தது பாருங்கள், எனக்கு அழுகை பொங்கிவிட்டது.

"சுடாதீங்க பாய்! அது என்னோட மரு. வேணும்னா என் மூக்கைச் சுடுங்க!" என்று கத்தினேன்.

பாய் என் மூக்கைப் பார்த்தார். குதிரையின் மூக்கைப் பார்த்தார். "உன்னுது ஒண்ணும்மா. இங்க முப்பது கீது. மீதி இருபத்தொம்போது யாருது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆனால் பாயின் கண் கலங்கியிருந்தது. "எனக்கு மட்டும் சுடணும்னு ஆசையா? சவாரி இல்லாம இதுக்குப் புல்லு எப்படிம்மா போடுவேன்?" என்றார்.

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க பாய். நான் வண்டியில ஏறி வரேன்" என்றேன். அம்மா ஜன்னலிலிருந்து கூப்பிடக் கூப்பிட ஏறி உட்கார்ந்துவிட்டேன். வேப்பேரி மிருக ஆஸ்பத்திரிவரை அந்தக் குதிரை என்னை இழுத்துக்கொண்டு போயிற்று.

மிருக வைத்தியர் ஒரு நிமிஷம்தான் பார்த்தார். "இளங்குதிரைகளுக்கு வர்றதுதான்யா. மரு வந்த இன்னொரு குட்டி குடிச்ச வாளியில தண்ணி குடிச்சிருக்கும். மனுஷங்களுக்கு ஒட்டாது. மூணு மாசத்துல தானா உதிர்ந்துடும். கை வைக்காம இருக்கிறதுதான் வைத்தியம்" என்றார். என் மருவுக்கு இதில் பங்கே இல்லையென்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும்தான் இருந்தது!

மறுநாளிலிருந்து நான் ஒருத்தியாகவே அந்த வண்டியில் போனேன். நாலாம் நாள் தோழி ஏறினாள், பிறகு மற்ற இருவரும். என் கல்யாணத்துக்குள் மருவெல்லாம் உதிர்ந்து குதிரையின் மூக்கு பழையபடி வழுவழுவென்று ஆகிவிட்டது. புகுந்த வீட்டுக்குப் போக எழும்பூர் ஸ்டேஷனுக்கு அதே ஜட்காவில்தான் போனேன். குதிரை கடைசி வெல்லக்கட்டியைத் தின்றுவிட்டு வெகுநேரம் என் உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தது.

நாலு பிள்ளைகளை வளர்த்தேன். அவர்களிடம் ஏதாவது கோணல் தெரிந்து, உடனே சரிசெய்துவிடக் கை பரபரக்கும்போதெல்லாம் மூக்கோரத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். சும்மா விட்டுவைத்த அந்தக் குதிரைக்கு ஒரு வடுவும் இல்லை. அவசரப்பட்டு இறுக்கிய எனக்குத்தான் இன்றும் அந்த இடத்தில் ஒரு சின்னக் குழி இருக்கிறது.