தன் ரூலிலேயே வரிசையில் நின்ற சூசை அண்ணன்

சூசை அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் ஹைதராபாத் விமானத்தின் வயிற்றுக்குள் முட்டி போட்டுப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். கீழே பெல்ட் பக்கத்தில் நின்ற கணேசன்தான் குரல் கொடுத்தான். "தயாளா, சூசை அண்ணன் காலைல பூட்டாராம். ரீட்டாக்கா போன் பண்ணிச்சு." ரீட்டாக்கா அண்ணனின் மனைவி. இன்னும் முப்பது பெட்டி பாக்கி இருந்தது. அடுக்கி முடித்து, கதவை மூடி, விமானம் நகர்ந்த பிறகுதான் தரையில் உட்கார்ந்தேன். அவருக்காக விமானத்தை நிறுத்திவைத்து அழுதேன் என்று தெரிந்தால், சவப்பெட்டியிலிருந்து எழுந்து வந்து திட்டுவார். அப்படிப்பட்ட ஆள்.

அவருக்காகச் சங்கம் போடும் மலரில் என்னை எழுதச் சொன்னார்கள். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடமும் என்னை விட்டதில் சந்தோஷப்பட்டது. ஆனால் அவரை இருபது வருஷம் தினமும் கிண்டல் செய்தவன் நான் ஒருவன்தான். அந்தத் தகுதியில் எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள், நான் எங்காவது கூட்டிச் சொன்னால் மன்னித்துக்கொள்ளுங்கள். குறைத்துச் சொல்ல எனக்கு வராது.

ராயபுரத்துக்காரர். எங்கள் விமானக் கம்பெனியில் முப்பத்துநாலு வருஷம் லோடர். எனக்கு எட்டு வருஷம் மூத்தவர். பெட்டிகளை எண்ணியே விமானத்தில் எத்தனை சீட் காலி என்று சொல்லுவார். நாங்கள் எல்லோரும் அதை வேதவாக்காக நம்பினோம்.

எங்கள் வேலையில் ஒரு சலுகை உண்டு. டிக்கெட் வாங்கிய பயணிகள் எல்லோரும் ஏறின பிறகு சீட் மிஞ்சினால், ஊழியர்கள் அதில் போகலாம். ரிடையர் ஆனவர்களும் போகலாம். சண்டை வருவது வரிசையில்தான். மிஞ்சியது ஒரு சீட், காத்திருப்பது மூன்று பேர் என்றால் யார் முதலில்?

நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலத்தில் இதற்கென்றே கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். சர்வீஸ் கணக்குப்படி ஏற்ற வேண்டும் என்றார்கள் ரிடையர் ஆன பெரியவர்கள். "முப்பது வருசம் மூட்ட தூக்கி இடுப்பு போனவன், நேத்து வந்தவன் பின்னால நிக்கணுமா?" என்று ஒருவர் கேட்டார். கேன்டீனே அவர் பக்கம் சாய்ந்தது. அப்போது எழுந்தார் சூசை அண்ணன். "நைனா, எங்களுக்கு ரெண்டு நாள் லீவு. மூணாம் நாள் கார்டு அடிக்கலன்னா மெமோ. உங்களுக்கு எல்லா நாளும் ஞாயித்துக்கிழமை. இன்னிக்கு இல்லன்னா நாளைக்குப் போங்க. வேலைல கீறவன் மொதல்ல போட்டும்." கை தூக்கச் சொன்னார்கள். அண்ணன் ஜெயித்தார். கம்பெனியும் அதையே ரூலாகப் போட்டது.

அப்புறம் அவரும் ரிடையர் ஆனார். ஆகாமல் இருப்பாரா?

மகள் ஸ்டெல்லா கல்யாணமாகி மும்பையில் இருந்தாள். அண்ணன் அவளைப் பார்க்க அடிக்கடி கிளம்புவார், அடிக்கடி திரும்பி வருவார். மும்பை போகாமலேதான். கேட் அருகே அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு அன்றைய சாப்பாடு இரண்டு மடங்கு இறங்கும். "இன்னாண்ணே, உன் ரூலு எப்டி ஓடிகினு கீது?" என்பேன். "சூப்பரா ஓடுது. நீ போய் மூட்டயத் தூக்கு" என்பார். முகத்தில் ஒரு சுருக்கம் வராது.

அந்தப் பெட்டிக் கணக்கால் ஒரு முறை மானம் போனது. கண்ணாடி வழியாகப் பார்த்தாராம், டிராலியில் பெட்டிகள் ரொம்பக் குறைவு. பக்கத்தில் காத்திருந்த ரிடையர் ஆன கணவன் மனைவியிடம், "எங்கயும் போவாதீங்க, பத்து சீட்டு காலி" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். அவர்கள் வேறு கம்பெனி விமானத்துக்குப் போக இருந்தவர்கள், இவரை நம்பி உட்கார்ந்துவிட்டார்கள். கடைசி நேரத்தில் ஒரே மாதிரி சட்டை போட்ட எழுபது பேர் வந்தார்கள். ஒரு நாள் மீட்டிங்குக்குப் போகிறவர்கள். ஆளுக்கொரு தோள்பை, பெட்டியே கிடையாது. விமானம் நிரம்பிப் போனது. பெட்டி தூக்கியே வாழ்ந்தவனுக்குப் பெட்டி இல்லாத மனுஷன் கணக்கில் வருவானா? அண்ணன் அந்தத் தம்பதியை ராயபுரத்துக்கே கூட்டிப்போய், ரீட்டாக்கா கையால் வஞ்சிரம் குழம்பு போட்டு அனுப்பினார். மறுநாள் அவர்களோடு கேட் வரை வந்து, ஏறுகிறவரை நின்றார்.

இனி, போன வருஷம் நடந்தது.

மும்பை தாராவியில் இருக்கும் என் தங்கச்சி மகளுக்கு மறுநாள் காலை கல்யாணம். நான் தாய்மாமன். லீவு அன்றைக்குத்தான் கிடைத்தது. மதிய விமானத்துக்குக் காத்திருந்தேன். பண்டிகை நேரம்; காசு கொடுத்தாலும் எந்தக் கம்பெனியிலும் சீட் இல்லை. எனக்கு அடுத்து, ஆபீசில் சேர்ந்து ஆறு மாசமான நிவேதா என்ற பெண், தோழிகளோடு ஊர் சுற்றப் போகிறவள். மூன்றாவதாக, முப்பத்துநாலு வருஷ சர்வீசோடு சூசை அண்ணன்.

"இன்னாண்ணே, கடல் காத்து வாங்கப் போறியா? காசிமேட்டுல காத்து தீந்துபோச்சா?"

"ஆமாண்டா. அங்க காத்து நல்லா கீதாம்."

ஒரே ஒரு சீட் மிஞ்சியது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து பையைத் தூக்கும்போது என் போன் அடித்தது. ரீட்டாக்கா. "தயாளு, அவரு ஏறிட்டாரா? போன எடுக்க மாட்டேங்கிறாரு. ஸ்டெல்லாவ சாயங்காலம் ஆபரேசனுக்கு உள்ள கூட்டிகினு போறாங்களாம். மாப்பிள்ள கப்பல்ல கீறாரு. கையெழுத்துப் போடக்கூட பக்கத்துல ஆள் இல்ல. என் முட்டிதான் உனக்குத் தெரியுமே."

திரும்பிப் பார்த்தேன். மனுஷன் கண்ணாடிக்கு வெளியே டிராலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே சொல்லல?"

"சொன்னா நீ எறங்குவே. நீ எறங்குனா சீட்டு எனக்கு வராது, அந்தப் பொண்ணுக்குப் போவும். மாமன் இல்லாத கல்யாணம் ஒண்ணுதான் மிச்சம். ஏறு."

சரியாகத்தான் சொன்னார். அவர் ரூல் அப்படி. நான் விட்டால் அது அடுத்த ஊழியருக்கு. ரிடையர் ஆனவருக்கு அல்ல. நான் நிவேதாவிடம் போனேன். "கேக்காதடா, அது லீவு போட்டுட்டு வந்துகீது" என்று அண்ணன் பின்னாலிருந்து சொன்னார். கேட்டேன். அந்தப் பெண் காதிலிருந்த இயர்போனை ஒரு பக்கம் எடுத்து, பாதிக் கதையிலேயே, "எனக்கு நாளைக்குப் போனாலும் ஓகே அங்கிள். முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றாள். நான் முதலில் பெயரை எடுத்தேன், பிறகு அவள். சீட் அண்ணனுக்கு வந்தது. நன்றி சொல்லவில்லை. "ரெண்டு பேருமா சேந்து பேஜாரு பண்றீங்க" என்று திட்டிக்கொண்டே போனார்.

எனக்கு மறுநாள் காலை விமானம்தான் கிடைத்தது. தாலி கட்டின பிறகு, பந்தியும் பாதி முடிந்த நேரத்தில் மண்டபத்துக்குள் நுழைந்தேன். முதல் வரிசையில் பட்டு வேட்டி கட்டிச் சூசை அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா கண் விழித்துப் பேசிய பிறகு, நர்சிடம் சொல்லிவிட்டு, யாரிடமோ வேட்டி கடன் வாங்கி வந்து, என் இடத்தில் நின்று மாமன் மாலை போட்டு, பெண்ணை மேடைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். தங்கச்சி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கண்ணன் நேரத்துக்கு வந்துட்டாரு. நீங்க யாரு, மாப்பிள்ள வூடா?"

ஆல்பத்தில் மாமன் படம் எல்லாம் அவர் படம்தான். நான் சாப்பிடுகிற படம் ஒன்று உண்டு.

ஸ்டெல்லா குணமாகி வீட்டுக்குப் போன பிறகு, சங்கத்தில் பழைய சண்டை மறுபடி கிளம்பியது. ரிடையர் ஆனவர்கள் ரூலை மாற்றச் சொன்னார்கள். இப்போது அண்ணனும் அந்தப் பக்கம் நிற்பார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் எழுந்து, "வேலைல கீறவன்தான் மொதல்ல. அத மாத்தாதீங்க" என்றார். அவர் பக்கத்திலேயே முனகல் எழுந்தது. "முழுசா கேளுங்கப்பா. அன்னிக்கு நான் பேசுனது பாதி. எல்லாருக்கும் நாளைக்குன்னு ஒண்ணு கீதுன்னு நெனச்சுப் பேசிட்டேன். சில பேருக்குக் கெடையாது. ஆஸ்பத்திரி, சாவுன்னு வந்தா, அவன் எந்தக் கார்டு வச்சிருந்தாலும் அவனை மொதல்ல ஏத்து."

சங்கம் கம்பெனிக்கு எழுதியது. பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அண்ணன் அதற்குக் காத்திருக்கவில்லை. அதன் பிறகு எப்போது கேட்டுக்கு வந்தாலும், காத்திருக்கிற ஒவ்வொருவரிடமும் போய், "உனக்கு நாளைக்கு ஆவுமா?" என்று கேட்பார். ஆகும் என்பவர்களை, ஆகாதவனுக்காக வரிசையாகப் பெயர் எடுக்க வைப்பார். சில பேர் எரிந்து விழுந்தார்கள். "இல்ல, எனக்கும் ஆவாது" என்றவனை அவர் ஒரு வார்த்தை மேலே கேட்டதில்லை. நம்பிவிடுவார்.

எனக்கு ரிடையர் ஆக இன்னும் இரண்டு வருஷம். மறுபடி கை தூக்கச் சொன்னால், வேலையில் இருப்பவன் முதலில் என்றுதான் தூக்குவேன். நாளைக்கு நானே கடைசியில் நிற்பேன் என்று தெரிந்தே தூக்குவேன். அது நியாயம். அதோடு அவர் பிறகு சேர்த்த பாதியும் நியாயம். இரண்டையும் சேர்த்துத்தான் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அண்ணன் வேட்டி ஒன்று ஞாபகத்துக்கு வேண்டுமா என்று ரீட்டாக்கா கேட்டார். வேண்டாம், எனக்கு நீளம் பத்தாது என்றேன்.

அடக்கம் முடிந்த வாரம், என் மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் கிளம்பினேன். ஒரு சீட், என் பெயர். பின்னால் நான்கு பேர் இருந்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். மூன்று பேர் ஆகும் என்றார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்தவர் பெட்டி டிராலிகளை இழுக்கும் டிராக்டரை ஓட்டி ரிடையர் ஆன ஒருவர். கையில் பேப்பர். தலையை நிமிர்த்தாமல், "எனக்கு நாளைக்கு ஆவும் தம்பி. கேட்டியே, போதும். நீ போ" என்றார்.

போனேன். ஜன்னல் சீட். நன்றாகத் தூங்கினேன்.