மாலையோடு நின்ற அண்ணன்

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், துறைமுகத்து நண்பர்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுதச் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யார் பெயரையாவது விட்டுவிடுவேனோ, ஒன்றை எழுதப்போய் வேறொன்றாகப் படுமோ என்று ஒரே பதற்றம். "நீ எழுதுனாத்தாம்மா அதுல மாமா இருப்பாங்க" என்று என் மகள் செல்வி சொன்னதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது மாப்பிள்ளையூரணியில். அப்பா பழைய துறைமுகத்தில் தோணிகளுக்குச் சுமை ஏற்றும் வேலை பார்த்தார். அவர் காய்ச்சலில் இறந்தபோது அண்ணனுக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. அப்பா நின்ற இடத்தில் அண்ணன் போய் நின்றார். அந்தக் கூலி வீட்டுக்குப் போதவில்லை. நான் பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு இறால் கம்பெனிக்குத் தோல் உரிக்கப் போனேன். எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணன் வெகுகாலம் கழித்து ஒருநாள், நான் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது, தானாகவே சொன்னார். "ஏளா, சின்னப் புள்ளைய வேலைக்கு அனுப்பப்பிடாதுன்னு அப்பவும் சட்டம் இருந்துச்சு. ஊருக்கு அது பெரிசாத் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் சும்மா இருந்தேன் பாரு." அவ்வளவுதான் சொன்னார். என் கையைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். குடும்பத்தில் மூன்று வயிறு அவர் தலையில் இருந்த காலம் அது. நான் ஒருநாளும் அவரைக் குறை சொன்னதில்லை. அவர்தான் தன்னைக் குறை சொல்வதை விடவில்லை.

பிறகு புதிய துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டுநர் ஆனார். கப்பலில் பளுவைத் தூக்கி இறக்குகிற இயந்திரம் அது. தொங்குகிற பளுவுக்குக் கீழே ஆள் நிற்கக் கூடாது என்பது விதி. ஆனால் நிற்பதுதான் வழக்கம். வேலை சீக்கிரம் முடியுமே. கீழே ஆள் நின்றால் அண்ணன் லிவரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம். மேஸ்திரி கீழேயிருந்து கத்துவாராம், "ஏலே, கப்பலு ஒனக்காகக் காத்துக் கெடக்கணுமோ?" என்று.

"கப்பலு மெதக்கும் அண்ணாச்சி. கீழ நிக்கவன் தலையில விழுந்தா அவன் மெதக்க மாட்டான்" என்பாராம் அண்ணன். கோபமே வராது. ஆள் நகர்ந்ததும் வேலை மறுபடி ஓடும். அவர் விஞ்சில் இருந்தவரை கீழே ஒருவருக்கும் கீறல் விழுந்ததில்லை என்று கூட வேலை பார்த்தவர்கள் துக்க வீட்டில் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

ஆகவே அவர் எதையும் விதிப்படி மட்டுமே செய்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊரில் பிரிக்கும் வரியில் முதல் பணம் அவருடையது. சொந்தத்தில் நல்லது கெட்டது எதற்கும் முறை தவறமாட்டார். ஆனால் என் கல்யாணத்தில், தாலி இழந்தவள் முன்னால் வரக் கூடாது என்று அம்மா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றபோது, அண்ணன் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். "பெத்தவ பாக்காத கல்யாணத்துக்கு நான் என்னத்துக்கு வெத்தல மாத்தணும்?" என்று கேட்டார். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்துதான் பார்த்தாள். வழக்கம் மனுசரைத் தாங்கினால் அண்ணன் அதைத் தலையில் வைத்துக்கொள்வார். மனுசரை மிதித்தால் விட்டுவிடுவார்.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. செல்விதான் அவர்களுக்கு எல்லாம். அந்தக் கதையைச் சொல்லாமல் இந்த மலர் நிறையாது. இதை வாசிக்கிற உங்களில் பலர் அன்று மண்டபத்தில் இருந்தவர்கள்.

செல்வி பன்னிரண்டாம் வகுப்பு நல்ல மதிப்பெண்ணோடு தேறிய நேரம். அவளுக்குக் கல்லூரிக்குப் போக ஆசை. என் வீட்டுக்காரர் லாரியில் உப்பு ஏற்றிப் போனால் திரும்பப் பல நாள் ஆகும். பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு நான் தனியாக இருக்கிறேனே என்று, செல்வியின் பெரியப்பா, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், நல்ல எண்ணத்தோடுதான் ஒரு மாப்பிள்ளை பார்த்தார். வளைகுடாவில் வேலை, வரதட்சணை கேட்காத இடம், விடுப்பு முடியும் முன்னால் கல்யாணம். என் வீட்டுக்காரர் தன் அண்ணன் பேச்சைத் தட்டமாட்டார். என்னிடம் சம்மதம் கேட்கவில்லை, சேதிதான் சொன்னார்கள். செல்வி ராத்திரி பகலாக அழுதாள்.

அண்ணன் வந்து விசாரித்தார். "புள்ளைக்கு என்ன வயசாவுது மச்சான்?"

"பதினெட்டு நடக்குதுல்லா மாப்பிள" என்றார் பெரியப்பா. எங்கள் பக்கத்தில் வயதை முடிந்த கணக்கில் சொல்லமாட்டோம். பதினேழு முடிந்த மறுநாளே பதினெட்டு நடக்க ஆரம்பித்துவிடும்.

"சட்டம் முடிஞ்சிருக்கணும்னு சொல்லுது. புள்ள படிக்கணும்னு சொல்லுது. ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு."

"சட்டம் எங்க வீட்டுல வந்து சோறு பொங்குமா? ஒம்ம சோலி சீர் கொண்டாந்து மாலை போடுதது. அத மட்டும் பாரும்."

"சரி மச்சான். நான் மாலைய மட்டும் பாக்கேன். பதினெட்டு முடியாம அது அவ கழுத்துல விழாது. இப்பமே சொல்லிட்டேன், பொறவு சொல்லலைன்னு சொல்லப்பிடாது."

பெரியப்பா சிரித்தார். சபையில் தாய்மாமன் அப்படிச் செய்வானா என்று யாரும் நம்பவில்லை. நான் வாசல்வரை அண்ணன் பின்னாலேயே போனேன். போலீசுக்குச் சொல்லிவிடுவாரோ, என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ, சொல்லாவிட்டால் பிள்ளை கதி என்ன என்று எனக்கு இரண்டு பக்கமும் பயம்.

"போலீஸ் வந்தா கல்யாணம் நின்னுரும் தங்கச்சி" என்றார் அண்ணன். "ஆனா நாளைக்கு அவ அதே வீட்டுல, அதே அப்பன் மூஞ்சியில முழிக்கணும். மொதல்ல முறையில நின்னு பாக்கேன். அதையும் தாண்டுனா சட்டத்தக் கூப்பிட எனக்குக் கூச்சம் இல்ல."

கல்யாண நாள் காலையில் அண்ணன் வந்தார். சும்மா வரவில்லை. நாதஸ்வரம் மேளம் முன்னால் வர, தட்டுத் தட்டாகச் சீர் வரிசை, பட்டு, பழம் எல்லாமாக, தாய்மாமன் எப்படி வரவேண்டுமோ அப்படியே வந்தார். அண்ணி பக்கத்தில் வந்தார். பெரியப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் அண்ணன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணவறையிலிருந்து ஐயர் கூப்பிட்டார்: "தாய்மாமன் வாங்க. பொண்ணுக்கு மாலை போட்டு அழைச்சிண்டு வாங்க."

அண்ணன் தட்டிலிருந்து மாலையை எடுத்தார். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு செல்விக்கு முன்னால் வந்து நின்றார். நின்றவர் நின்றபடியே நின்றார். மேளம் தானாக ஓய்ந்தது.

"போடும் மாப்பிள, நேரம் போகுது" என்றார் பெரியப்பா.

"கீழ ஆள் நிக்குது மச்சான். ஆள் நிக்கும்போது நான் லிவரத் தொட்டதில்ல" என்றார் அண்ணன். துறைமுகத்து ஆட்களுக்கு உடனே புரிந்துவிட்டது. ஒருவர் இருவராக எழுந்து நின்றார்கள். மற்றவர்களுக்கு அண்ணன் புரியும்படி சொன்னார்: "எம் மருமகளுக்குப் பதினெட்டு நடக்குது. முடியல. முடியட்டும், அவ ஆசப்பட்டதப் படிக்கட்டும். இதே மேளத்தோட நானே வாரேன்."

பெரியப்பா கொதித்துப்போனார். எங்கள் சித்தப்பா மகனைப் பார்த்து, "ஏலே, நீயும் மாமன் முறைதான, வாங்கிப் போடு" என்றார். அவன் இரண்டடி வந்தான், அண்ணன் முகத்தைப் பார்த்தான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "கூடப்பெறந்த மாமன் உசுரோட நிக்கையில நான் போட்டா, ஊரு அவுகளச் செத்தவருன்னுல்லா சொல்லும்? என்னைய ஆள விடுங்க."

அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "நீ என்னளா சொல்லுத?" என்று கேட்டார். மண்டபமே என்னைப் பார்த்தது. "அண்ணன் சொல்லுததுதான்" என்றேன். கூட்டத்தில் நான் வாய் திறந்தது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

முடித்து வைத்தது மாப்பிள்ளையின் தாயார். "வயசு முடிஞ்சிருச்சுன்னுல்லா எங்ககிட்ட சொன்னிய. மாமன் மாலை விழாத பொண்ண எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவ மாட்டோம். ஏலே, எந்திரி" என்று மகனைக் கூப்பிட்டார். அந்தத் தம்பியும் அண்ணனைக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். அவர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை, நன்றாக இருக்கட்டும்.

பெரியப்பா ஒரு நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்துவிட்டார். அண்ணன் மாலையைப் பிள்ளையார் முன் வைத்தார். பிறகு சபையைப் பார்த்துக் கும்பிட்டார். "பொங்குனது பொங்கியாச்சு. எம் மருமக பாஸானதுக்கு மாமன் வைக்கிற விருந்துன்னு நெனச்சுக்கிட்டு எல்லாரும் சாப்பிட்டுத்தான் போவணும்." யாரோ சிரித்தார்கள். மேளக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, மறுபடி வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். செல்வி அழுதுகொண்டே பரிமாறினாள். பெரியப்பாவுக்கு இலை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "மச்சான், பாயசம் ஊத்தச் சொல்லட்டா?" என்று கேட்டவர் அண்ணன்தான்.

செல்வி கல்லூரியில் படித்தாள். இப்போது சுங்க முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை. கப்பல் சரக்குக்கான தாள்களோடு ஸ்கூட்டரில் துறைமுக வாசலுக்குள் போகிறாள், வருகிறாள். தனக்குப் பிடித்தவரைச் சொன்னாள், அண்ணன் போய் முறையாகப் பேசி முடித்தார். அதற்குள் சர்க்கரை நோய் அவருடைய ஒரு காலை எடுத்துக்கொண்டது. ஆனாலும் சொன்னபடி அதே மேளம், அதே சீர். மாலையைப் போட்டு, பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்துப் போக வேண்டியவர் மாமன். ஊன்றுகோலோடு அவர் தடுமாறியபோது செல்வி அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். யார் யாரை அழைத்துப் போனார்கள் என்று சொல்ல முடியாது. மண்டபம் முழுக்கக் கைதட்டியது. மறுபக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தவர் பெரியப்பா.

கடைசி நாட்களில் அண்ணன் வலியைக் காட்டவில்லை. கண் மூடுவதற்கு முன்தினம்கூட, "புள்ள வேலைக்குப் போயிட்டாளா?" என்றுதான் கேட்டார். போய்விட்டாள் என்றேன். "சரி" என்றார்.

மருத்துவமனையில் முறை வைத்துத் துணையிருந்த துறைமுகத் தோழர்களுக்கும், இரவென்றும் பாராமல் ஆட்டோ ஓட்டிவந்த எதிர்வீட்டுத் தம்பிக்கும், அண்ணியை ஒருநாளும் தனியே விடாத தெருப் பெண்களுக்கும், பதினாறாம் நாள்வரை கூடவே நின்ற சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. அன்று மண்டபத்தில் எழுந்து நின்றவர்களுக்கும், உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கும் நான் தனியாக நன்றி சொல்லவேண்டும். உங்கள் பெயரெல்லாம் எழுதவில்லை என்று வருத்தப்படாதீர்கள்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். போன மாதம் பெரியப்பாவின் பேத்திக்குத் தரகர் ஒருவர் வரன் கொண்டுவந்தார். "பதினெட்டு நடக்குதுல்லா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"நடந்தாப் போதாது, முடியணும். படிப்பும் முடியணும்" என்றார் பெரியப்பா. "எங்க குடும்பத்துல அதான் முறை."

"அப்படி ஒரு முறையா? எப்ப இருந்து?"

பெரியப்பா சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். "எங்க மாப்பிள மாலையோட நின்னாரு பாரும், அன்னையில இருந்து."