கேமராவில் கோளாறு என்று சொன்னேன்

இரண்டு கேமராக்களில் எதை வாங்குவது என்று ஒன்றரை மாதம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். அதில் பத்து நிமிடத்தை என் மகளின் இடது கண்ணுக்குக் கொடுத்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

ஓசூரில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. லைனிலிருந்து வரும் பாகத்தைக் கையில் எடுத்து, கேஜ் எனப்படும் அளவுக் கருவியில் வைத்துப் பார்ப்பேன். சரியாக இருந்தால் பச்சை டப்பா, இல்லையென்றால் சிவப்பு டப்பா. பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். குறை கண்டுபிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாண மண்டபத்துக்குப் போனால் சாப்பாட்டைப் பார்க்கமாட்டேன், வாழைமரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். என் மனைவி அலுத்துக்கொள்வாள்: "கம்பெனிய கம்பெனிலயே வுட்டுட்டு வாங்க. ஊட்டுல யாரும் ஸ்பேர் பார்ட் இல்ல."

மகளுக்கு ஒன்றரை வயது நடந்துகொண்டிருந்தது. ஐந்தாறு மாதம் கழித்து, தளிக்கு அப்பால் ஜவளகிரிப் பக்கம் இருக்கும் மனைவியின் ஊரில் மொட்டை அடித்துக் காது குத்துவதென்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அதற்குள் ஒரு நல்ல கேமரா வாங்கிக் கை பழகிவிட வேண்டும் என்பது என் ஆசை. எல்லாரும் போனிலேயே எடுத்துத் தள்ளுகிற காலத்தில் உனக்கு எதற்கு டிஎஸ்எல்ஆர் என்று லைனில் கிண்டலடித்தார்கள். நான் காதில் வாங்கவில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கேமரா கடை. கடைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வருகிறவர் முகத்தைப் பார்த்தே எந்த மொழியில் ஆரம்பிக்கலாம் என்று கண்டுபிடித்துவிடுவார். என் முன்னால் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று புதிது, புதிதாகப் பழகுகிறவர்களுக்கானது. எடை குறைவு, எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டோ வசதி, பட்டனைத் தட்டினால் தலைக்கு மேல் எழும்பி நிற்கும் சின்ன ஃபிளாஷ். இன்னொன்று தொழில்முறைக்காரர்களுக்கானது, ஒருவர் மிர்ரர்லெஸ் என்கிற புதுவகைக் கேமராவுக்கு மாறியபோது விற்றுவிட்டுப் போனது. கையில் எடுத்தால் மணிக்கட்டு இறங்கியது. இரண்டு மெமரி கார்டு போடலாம், இருட்டில் படம் சுத்தமாக வரும், ஆனால் ஃபிளாஷ் கிடையாது. தனியாக ஒன்று வாங்கி மேலே மாட்ட வேண்டும்.

"மொதல் கேமராவுக்கு சின்னதே போதும் சார். பெருசு உங்கள வேலை வாங்கும்" என்றார் கடைக்காரர்.

நான் விடுவேனா? இரண்டுக்கும் அட்டவணை போட்டேன். சென்சார், லென்ஸ், எடை, ஃபோகஸ் புள்ளிகள் என்று கம்பெனியில் போடுவதைப் போலவே கட்டம் கட்டினேன். ஷிஃப்ட் இடைவேளையில் வீடியோ பார்த்தேன். ஒவ்வொரு வீடியோவும் ஒவ்வொன்று சொன்னது. கடைசியில் மனைவிதான் முடித்துவைத்தாள். "பெருசு வாங்குனா நீங்க மட்டுந்தான் தூக்குவீங்க. சின்னதுன்னா பாப்பாவ நானும் எடுப்பன் இல்ல?" நியாயமாகப் பட்டது. சின்னதை வாங்கிவந்தேன்.

அன்று சாயங்காலமே கூடத்தில் மகளை உட்காரவைத்து எடுத்தேன். வெளியே மழை இருட்டு. சின்ன ஃபிளாஷ் படக்கென்று எழும்பி எழும்பி அடித்தது. அவளுக்கு ஒரே சிரிப்பு. ஆறு படங்கள் எடுத்து, சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தோம். வலது கண்ணின் கருமணியில் சிவப்பாக ஒரு புள்ளி. ஃபிளாஷ் போட்டால் அப்படி வரும் என்று வீடியோவில் பார்த்திருந்தேன். இடது கண்ணில் சிவப்பு இல்லை. வெள்ளை. பால் விட்ட மாதிரி ஒரு வெள்ளை. ஆறில் நாலு படங்களில் அப்படி இருந்தது.

மனைவி கேமராவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "ஏங்க, இந்தக் கண்ணு மட்டும் ஏன் இப்புடி இருக்குது? ஒருக்கா டாக்டருகிட்ட காட்டலாங்களா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது. "கேமராவுல கோளாறு. பீஸ் சரியில்ல. ஞாயித்துக்கெழம போயி மாத்திக்கினு வந்துடறன்" என்றேன். அவள் குழந்தையின் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு கண்களும் கருகருவென்று அழகாகத்தான் இருந்தன. "பாத்தியா?" என்றேன். சரி என்று தலையாட்டினாள். ஆறு படங்களையும் அழித்தேன். தேறாததை வைத்திருப்பது என் தொழிலில் வழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் அதே கேமராவில், அதே ஃபிளாஷைப் போட்டு என்னை நாலு படம், தன்னை நாலு படம் எடுத்தார். விளக்கை அணைத்துவிட்டும் எடுத்தார். எதிலும் வெள்ளை வரவில்லை.

"சார், கேமரா நல்லாத்தானே கீது" என்றார் குழப்பமாக.

இங்கே நான் யோசித்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லித்தருகிற பாடம் இது. ஒரு பாகம் தப்பாகக் காட்டினால் கேஜைச் சந்தேகப்படலாம், தப்பில்லை. ஆனால் சரியென்று உறுதியாகத் தெரிந்த இன்னொரு பாகத்தை அதே கேஜில் வைத்துப் பார். அது சரியாகக் காட்டினால் கேஜ் நன்றாக இருக்கிறது, தப்பு பாகத்தில். கடைக்காரர் என் கண்ணெதிரே அதைத்தான் செய்து காட்டினார். நானோ, "இது விட்டு விட்டு வர்ற கோளாறுங்க. இப்ப வராது, ஊட்டுக்குப் போனா வரும்" என்று சத்தம் போட்டேன். கடையில் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவருக்கு மானம் பெரிது. ஐந்து நிமிடத்தில் இறங்கிவந்தார். சின்னதைத் திருப்பி வாங்கிக்கொண்டு, மேல்பணம் வாங்கிக்கொண்டு, பெரிய கேமராவையும் தனி ஃபிளாஷ் ஒன்றையும் கொடுத்தார். "ஃபிளாஷ நேரா அடிக்காதீங்க சார். மேல திருப்பி சீலிங்குல அடிங்க. கண்ணுல எந்தப் பிரச்சனையும் வராது" என்று சொல்லியும் அனுப்பினார். அவர் சொன்னது படத்தைப் பற்றி. அதில் பொய்யே இல்லை.

வீட்டுக்கு வந்து அதே கூடத்தில், அதே சோபாவில் எடுத்தேன். வெளிச்சம் கண்ணுக்குள் நேராக அடிக்காமல், கூரையில் பட்டு மெதுவாக இறங்கியது. இரண்டு கண்களும் கறுப்பாக, மினுக்கென்று ஒரு வெளிச்சப் பொட்டோடு வந்தன. மனைவிக்குக் காட்டி, "கேமராதான்னு சொன்னனா இல்லையா?" என்று மார்தட்டிக்கொண்டேன். அவள் திரையில் மகளின் முகத்தைத் தடவிப் பார்த்து, "அப்பாடா" என்றாள். அதற்குப் பிறகு நாலு மாதம் அந்தப் பேச்சே எழவில்லை. மகள் டிவி பார்க்கும்போது தலையைக் கொஞ்சம் திருப்பிவைத்துப் பார்ப்பாள். அதையும் அழகு என்று படம் எடுத்தேன்.

காது குத்து ஞாயிற்றுக்கிழமை நடந்தது. காலையில் கோயிலில் மொட்டை, பிறகு மனைவியின் அண்ணன் வீட்டில் விருந்து. காதில் ஊசி இறங்கிய நொடியில் அவள் அழுத அழுகையை என் பெரிய கேமரா அட்டகாசமாகப் பிடித்தது. நான் உச்சி குளிர்ந்து போயிருந்தேன். மத்தியானம் வானம் மூடிக்கொண்டது, கரண்ட்டும் போய்விட்டது. உள்ளறை கும்மிருட்டு. அங்கேதான் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய மகளை நடுவில் வைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் எல்லாரும் போனில் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் இலை எடுத்துக்கொண்டிருந்தேன்.

மனைவியின் தம்பி, குருபரப்பள்ளியில் டயர் கடை வைத்திருப்பவன், போனை நீட்டிக்கொண்டு வந்தான். "மாமா, பாப்பாவுக்கு ஒரு கண்ணு பூனக்கண்ணாட்டம் மின்னுது பாருங்க" என்றான், சிரித்துக்கொண்டே.

இடது கண். வெள்ளை.

கையிலிருந்த இலைகளை எங்கே போட்டேன் என்று தெரியாது. உள்ளே ஓடி, யார் எவர் என்று பார்க்காமல் போன்களைப் பிடுங்கினேன். மனைவியின் அண்ணனுடைய போன், இடது கண் வெள்ளை. அண்ணி போன், இடது கண் வெள்ளை. பக்கத்து வீட்டுக்காரருடைய பழைய போன், கீறல் விழுந்த திரைக்குள்ளும் அதே இடது கண், அதே வெள்ளை. என் போனை எடுத்து நானே ஒன்று எடுத்தேன். வெள்ளை. நாலைந்து கருவிகள் ஒரே குறையைக் காட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மனைவி என் முகத்தைப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஓசூரில் ஒரு கண் டாக்டர் சின்ன விளக்கை அடித்துப் பார்த்தார். அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. சீட்டு எழுதிக் கொடுத்து, "இன்னிக்கே பெங்களூர் போங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க" என்றார். போனோம். அத்திப்பள்ளி தாண்டி வண்டிகள் நகரவே இல்லை. குழந்தை மடியில் தூங்கியது.

மயக்கம் கொடுத்துப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்த நாள் பெரிய டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். கன்னடத்துக்காரம்மா, தமிழை நிதானமாகப் பேசினார். கண்ணுக்குள்ளே கட்டி இருக்கிறது, புற்றுநோய் என்றார். காது கேட்டது, மண்டையில் ஏறவில்லை. கண்ணில் எப்படிக் கட்டி வரும், இரண்டு வயசுக் குழந்தைக்கு எப்படி வரும் என்று முட்டாள்தனமாகக் கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு பேனாவை எடுத்தார்.

"வெள்ளையா தெரியறத மொதல்ல எப்போ பாத்தீங்க?"

"ஞாயித்துக்கெழமைங்க. காது குத்துல" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தப் பொய்! டாக்டர் எழுத ஆரம்பித்தார். அந்தத் தாளில் என் பொய் எழுத்தாக ஏறுவதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இல்லைங்க டாக்டர். நாலு மாசம் ஆச்சுங்க. இவதான் மொதல்ல பாத்தா. டாக்டருகிட்ட காட்டலாம்னு சொன்னா. கேமராவுல கோளாறுன்னு சொன்னது நான்."

பேனா நின்றது. "அந்த போட்டோ இருக்கா?"

"அழிச்சிட்டங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே மாற்றி எழுதினார். கட்டி கண் முழுக்கப் பரவிவிட்டது, வெளியே போவதற்கு முன் கண்ணை எடுத்துவிட வேண்டும், எடுத்தால் குழந்தை பிழைத்துக்கொள்ளும், வலது கண் நன்றாக இருக்கிறது என்றார். பிழைத்துக்கொள்ளும் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். நான் போகவில்லை.

"நாலு மாசம் முன்னாடியே வந்திருந்தா?"

அவர் என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தார். பிறகு, "கண்ண காப்பாத்தி இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. ஆனா இருக்கலாம்" என்றார்.

வெளியே நீள வராந்தாவில் நாற்காலிகள் இருந்தன. உட்கார்ந்தோம். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் என் சட்டையைப் பிடித்து உலுக்குவாள், எல்லார் முன்னாலும் நாலு அறை விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அதை நான் விரும்பவும் செய்தேன். அவள் மகளின் மொட்டைத் தலையில் உதிராமல் ஒட்டியிருந்த சந்தனத்தை நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என் தப்புங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "உன் தப்பா?"

"கண்ணுல ஏதோ இருக்குதுன்னு எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிது. பாப்பாவத் தூக்கிக்கினு நானே பஸ் ஏறியிருக்கணும். எதுக்கு உங்களப் போயி கேட்டன்?"