அந்தோணிமுத்துவின் பாஸ்போர்ட்

போன மாதம் கிருஷ்ணகிரி தபால் ஆபீசில், பாஸ்போர்ட்டுக்கென்று தனியாக வைத்திருக்கிற கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் ஒரு சின்னப் பெண். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "சர்நேம் என்னங்கம்மா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபீஸ் என்றாலே எனக்குப் பயம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவே இரண்டு தடவை எச்சில் விழுங்குகிறவள் நான். அன்றைக்கு என்னவோ வாய்விட்டே சிரித்துவிட்டேன். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அப்படியும் தோள் குலுங்கியது.

விஷயம் இதுதான். இந்தச் சர்நேம் என்கிற ஒரு வார்த்தையால் நான் ஒரு தடவை செத்துப் பிழைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் சொல்ல நேரம் இல்லை, பின்னால் பத்துப் பேர் காத்திருந்தார்கள். உங்களிடம் சொல்கிறேன்.

அதற்குள் அவள் என் விரல்களை ஒரு கண்ணாடி மேல் வைக்கச் சொன்னாள். ரேகை விழவில்லை. துடைத்துவிட்டு வை, அழுத்தி வை, கட்டைவிரலை வை. எதற்கும் அந்த மெஷின் மசியவில்லை. "என்ன வேலைங்கம்மா பாத்தீங்க?" என்றாள். "வெங்காயம் அரிஞ்சேம்மா" என்றேன். இப்போது அவள் சிரித்தாள்.

உண்மைதான். ஓசூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் இருபத்திரண்டு வருடம் காய் அரிந்தேன். காலை ஷிப்டுக்கு ஒரு மூட்டை வெங்காயம், அப்புறம் ராயக்கோட்டையிலிருந்து வரும் தக்காளி. தக்காளிக் கூடையைத் திறந்தால் ஒரு பச்சை வாசனை வரும் பாருங்கள், காம்பும் இலையும் கசங்கிய வாசனை, அது எனக்கு அப்பாவின் சட்டை வாசனை. அப்பா பெயர் அந்தோணிமுத்து. சிங்காரப்பேட்டைப் பக்கம் ஊரார் நிலத்தில் கூலி வேலை செய்தவர். மழை இல்லாத வருடங்களில் ராயக்கோட்டை மண்டிக்கு வந்து தக்காளிக் கூடை இறக்குவார். ராயக்கோட்டைக்கு அந்தாண்டை அவர் எந்த ஊரையும் பார்த்ததில்லை.

என் தங்கை சின்னி கன்னியாஸ்திரி மடத்துக்குப் போனபோதுகூட ராயக்கோட்டை ஸ்டேஷன் வரைக்கும்தான் வந்தார். பெங்களூர் ரயில். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீ போ கண்ணு. எந்த ஊர்ல வெச்சாலும் ஒருநாள் நான் வந்து பாக்கறேன்" என்றார். மடத்தில் அவளுக்கு நீளமாக ஒரு பெயர் வைத்தார்கள். அது என் வாயில் நுழைவதில்லை, எனக்கு அவள் சின்னிதான். அவளை ரோமாபுரிக்கு அனுப்பினார்கள். அப்பா போய்ச் சேர்ந்தபோது அவளால் வர முடியவில்லை. கல்லறைக்குப் போகும்போதெல்லாம் அவள் பங்குக்கும் நானே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவேன்.

இருபது வருடத்துக்கு முன்னால் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'அக்கா, ஆகஸ்டில் எனக்கு வெள்ளிவிழா. வீட்டு ஆள் ஒருவருக்கு மடத்திலேயே டிக்கெட் போடுகிறார்கள். எல்லாச் சிஸ்டர்களுக்கும் யாராவது வருகிறார்கள். எனக்கு உன்னை விட்டால் யார்? பாஸ்போர்ட் மட்டும் எடுத்து, ஈஸ்டருக்குள் நம்பரை அனுப்பு' என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை நான் எழுத்துக் கூட்டி நாலு தடவை படித்தேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு, மெதுவாகத்தான் வரும். ஆனால் 'உன்னை விட்டால் யார்' என்கிற இடத்தில் கூட்டிப் படிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

சிங்காரப்பேட்டைக்குப் பஸ் பிடித்துப் போய், நான் படித்த பள்ளிக்கூடத்தில் சர்டிபிகேட் வாங்கினேன். அதில் என் பெயருக்கு முன்னால் 'அ' என்று அப்பாவின் எழுத்து இருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கு வீட்டுக்காரர் எழுத்துதான். அந்த 'அ'வைப் பார்த்ததும், பழைய பாவாடையைப் பெட்டியில் பார்த்த மாதிரி இருந்தது.

அப்போதெல்லாம் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் மனுவைக் கொடுப்போம். வாசலில் புங்கமரத்தடியில் ஒரு மேஜை போட்டுக்கொண்டு, மனு எழுதிக் கொடுக்கிற ஒரு பெரியவர் இருப்பார். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு காது நூல்கயிறு. மேஜை மேல் கோந்து பாட்டில். அந்தக் கோந்து வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சின்ன வயதில் கொஞ்சம் தின்றும் பார்த்திருக்கிறேன், அது இப்போது வேண்டாம்.

"சர்நேம் என்னம்மா?" என்றார் அவர்.

"அப்படின்னா என்னங்க?"

"உம் பேருக்கு முன்னாடி ஒரு எழுத்து இருக்குதில்ல, அதை விரிச்சா என்ன வரும்?"

"அந்தோணிமுத்துங்க. எங்கப்பா."

"அவ்வளவுதான். அதுதான் சர்நேம்."

கட்டம் கட்டமாக இருந்த பாரத்தில், முதல் வரிசையில் அப்பா பெயரை இங்கிலீஷில் எழுதினார். என் பெயர் கீழே இரண்டாவது வரிசைக்குப் போய்விட்டது. என் பெயரை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது, விட்டுவிடுங்கள். போட்டோவில் கோந்து தடவி ஒட்டி, "போலீஸ்காரர் வீட்டுக்கு வருவார், ஆள் இருக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பினார்.

ஆள் இருக்கணும். அதில்தான் கோட்டை விட்டேன்.

போலீஸ் வந்தால் என்ன கேட்பார், என்ன சொல்ல வேண்டும் என்று தினமும் அடுப்படியில் ஒத்திகை பார்த்தேன். என் பெயரைச் சொல்லிக் கேட்பார், 'நான்தானுங்க' என்று சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் லைன் வீட்டுச் சந்தில் சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் வந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. பக்கத்து வீட்டு ரத்னம்மா மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கன்னடக்காரி, ஆனால் சண்டை எல்லாம் தமிழில்தான் போடுவாள்.

"இங்க அந்தோணிமுத்துங்கறது யாரு?" என்றார் போலீஸ்காரர்.

காக்கிச் சட்டையைப் பார்த்ததும் என் ஒத்திகை எல்லாம் போய்விட்டது. "எங்கப்பாதானுங்க" என்றேன்.

"இருக்காரா?"

"இல்லீங்க. போயிட்டாருங்க."

"எங்க போயிருக்காரு? எப்ப வருவாரு?"

"அவரு போயி பதினெட்டு வருசமாச்சுங்க."

"பதினெட்டு வருசமா வெளியூரா?"

"இல்லீங்க சார். கல்லறை."

அவர் பாவம், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நீங்க யாரு?" "மவளுங்க." வேறு ஒன்றும் கேட்கவில்லை. சீட்டில் ஏதோ எழுதினார். வெயிலில் வந்திருக்கிறாரே என்று நான் ஒரு சொம்பு மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "மனசத் தேத்திக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். பதினெட்டு வருடத்துக்கு அப்புறம் துக்கம் விசாரித்தது அவர் ஒருவர்தான்.

"ஏனக்கா, செத்தவங்களக்கூட விடமாட்டாங்களா இந்தப் போலீஸு?" என்றாள் ரத்னம்மா.

அப்பா மேல் ஏதோ பழைய கேஸ் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். ஒரு தடவை காட்டிலிருந்து விறகு வெட்டி வந்தாரே, அதுவாக இருக்குமோ? அதற்கா இவ்வளவு நாள் கழித்து வருவார்கள்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. பிறந்த வீட்டு மானம் இல்லையா! ரத்னம்மாவிடமும் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். அவள் வாயை அடைக்க ஒரு டப்பா எள்ளுருண்டை செய்து கொடுத்தேன்.

வீட்டுக்காரர் கம்பெனியில் சாமான் தூக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்ததும் தினமும் கேட்பார், "ஏ புள்ள, போலீஸ் வந்தாங்களா?"

"வரலீங்க."

மாசி போனது. பங்குனி பாதி போனது. ரத்னம்மா வீட்டுப் போனுக்குச் சின்னி பேசினாள். "அக்கா, ஈஸ்டருக்குள்ள நம்பர் வரலைன்னா உன் இடத்த வேற சிஸ்டர் வீட்டுக்குக் குடுத்துருவாங்களாம். நான் மட்டும் யாருமில்லாம நிக்கணுமாக்கா?" போனை வைத்த பிறகும் அது காதிலேயே இருந்தது. வீட்டுக்காரருக்கு அந்த வாரம் லீவு கிடையாது. நான் தனியாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். தனியாக ரேஷன் கடைக்குப் போனாலே யாருக்காவது பின்னால் ஒளிந்து நிற்கிறவள், யோசித்துப் பாருங்கள். வாசல் வரைக்கும் போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை, சின்னி யாருமில்லாமல் நிற்பதை நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அங்கே எழுதுகிற ஏட்டு ஒருவர் நோட்டைப் புரட்டினார். "பாஸ்போர்ட்டா? உங்க தெருவுல ஒண்ணே ஒண்ணுதான். அந்தோணிமுத்து. அது முடிஞ்சுபோச்சும்மா" என்று நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'மனுதாரர் காலமாகிவிட்டதாக மகள் தெரிவித்தார்.'

இன்னொரு தடவை கூட்டிப் படித்தேன். அப்புறம் மரத்தடிப் பெரியவரும், முதல் வரிசைக் கட்டமும், துண்டுச் சீட்டும் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

"சார்… அந்த மனுதாரர் நாந்தானுங்க."

ஏட்டு நிமிர்ந்தார். "அப்ப காலமாயிட்டாங்கன்னு சொன்ன மகள்?"

"அதுவும் நாந்தானுங்க."

"செத்தது?"

"அது எங்கப்பாங்க. ஆனா அவரு பாஸ்போர்ட்டுக்குப் போடலீங்க."

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். உள்ளேயிருந்து அந்தச் சைக்கிள் போலீஸ்காரர் வந்தார். என்னைப் பார்த்ததும், "அட, மோர் குடுத்த அம்மா! இப்ப மனசு கொஞ்சம் தேறிடுச்சுங்களா?" என்றார். ஏட்டுக்கு வந்த சிரிப்பில் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் போனவர் எப்படி மனுப் போடுவார் என்று அந்தப் போலீஸ்காரர் யோசிக்கவே இல்லை, விஷயம் விளங்க அஞ்சு நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் அவர் முகம் என்னைவிடக் கூச்சப்பட்டது. "ஏம்மா, சீட்டுல மொதல் பேரத்தான நான் எழுதிக்கிட்டு வந்தேன்! நாந்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க என்னைக் கேக்கலீங்களே சார்."

நல்ல வேளை, அந்த ரிப்போர்ட் இன்னும் மேலே போகவில்லை. பெரிய அதிகாரி கையெழுத்துக்காக அங்கேயே கிடந்தது. ஆபீஸ் தாமதத்தை எல்லாரும் திட்டுவார்கள், நான் மட்டும் திட்ட மாட்டேன். ஏட்டு அந்த வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். "உயிரோட இருக்கறதுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். என் பெயரை முழுசாக, அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். அதைவிட நல்ல கையெழுத்து இதுவரை நான் போட்டதில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் ரத்னம்மா எட்டிப் பார்த்தாள். "இனிமே நான் வாயத் தெறக்கலாமா அக்கா?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திருக்காமல் தெருவுக்கே சொல்லிவிட்டாள். அதிலிருந்து ரொம்ப நாளுக்குக் குழாயடியில், "ஏன்க்கா, இன்னிக்கு உயிரோட இருக்கீங்களா?" என்பதுதான் எனக்குக் காலை வணக்கம்.

ஈஸ்டருக்கு எட்டு நாள் இருக்கும்போது, குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள், சந்து முனையிலிருந்தே தபால்காரர் கூப்பிட்டார். "அந்தோணிமுத்து! அந்தோணிமுத்து!" வெங்காயக் கையோடு ஓடினேன். "நாந்தானுங்க அந்தோணிமுத்து!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் தெருவில் நான் கத்தியது அந்த ஒரு தடவைதான். தெருவே கை தட்டியது.

ரோமாபுரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். விமானத்திலிருந்து இறங்கிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். ஒரே கூட்டம். எல்லாரும் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அட்டையில் பெரிய பெரிய எழுத்து. கேன்டீன் மூட்டைகளைப் படித்துப் பழகிய இங்கிலீஷில் கூட்டிப் படித்தேன். அந்தோணிமுத்து. என் பெயர் இல்லை, அப்பா பெயர் மட்டும். பாஸ்போர்ட்டில் முதலில் இருந்த பெயரை மடத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள். அதைப் பிடித்திருந்தது ஒரு வெள்ளைக்கார சிஸ்டர். பக்கத்தில் எங்கள் சின்னி, முக்காட்டுக்கு வெளியே முடி நரைத்துப்போய்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அட்டையைக் காட்டினாள். அழுகையும் சிரிப்புமாக, "அப்பாவ இட்டாந்துட்டியேக்கா" என்றாள். "வர்றேன்னு சொன்னாரில்ல, வந்துட்டாரு." வெள்ளிவிழாப் பூசையில் குடும்பத்தார் பெயரைப் படித்தபோதும், அந்தச் சாமியார் நாக்கை மடக்கி மடக்கி, "அந்தோனிமூத்தூ" என்றார். ராயக்கோட்டையைத் தாண்டாத மனிதர்.

தபால் ஆபீசில் அந்தப் பெண் கடைசியில் என் ரேகையைப் பிடித்துவிட்டாள், விரலில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி. அப்புறம், "சர்நேம் வேண்டாம்னா எடுத்துடலாங்கம்மா. இப்பல்லாம் நெறையப் பேரு வெறும் அவங்க பேரு மட்டும்தான் போட்டுக்கறாங்க" என்றாள். "இருக்கட்டும்மா, அவரும் வரட்டும்" என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது. இன்னும் அஞ்சு வருடத்தில் சின்னிக்குப் பொன்விழா. இந்தப் பாஸ்போர்ட் பத்து வருடம் தாங்கும். நானும் தாங்குவேன் என்றுதான் நினைக்கிறேன்.

புங்கமரம் இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். கோந்து பாட்டிலும் இல்லை, போட்டோவை அவர்களே எடுத்துவிடுகிறார்கள். போலீசிலிருந்து போனில் பேசி வரச் சொன்னார்கள், சந்துக்குள் சைக்கிள் வரவில்லை, மோரும் செலவாகவில்லை. ரத்னம்மா மகளோடு தும்கூருக்குப் போய்விட்டாள். நேற்றுப் புதுப் பாஸ்போர்ட் வந்தது. தபால்காரப் பையன் வாசலில் நின்று போன் பண்ணினான், "கதவத் தெறங்க" என்றான், கையெழுத்து வாங்கினான், போய்விட்டான். யாரும் யார் பெயரையும் கூப்பிடவில்லை.

எனக்கு என்னவோ போலிருந்தது. தெருவை இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை. கவரைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்றபடி நானே கூப்பிட்டேன்.

"அந்தோணிமுத்து!"

உள்ளே கட்டிலில் படுத்திருந்த வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

"அவரு இல்லீங்களே. ரோமாபுரி போயிருக்காரு."