பூண்டுக்கடை சாகுல் ஹமீது மகளுக்குக் கல்லூரி பார்த்தது

மலைக்கிராமமான கவுஞ்சியின் களத்தில் பூண்டைக் குவித்துப் போட்டிருந்தால் சாகுல் ஹமீது தமக்கு வேண்டாத குவியலின் முன்னால்தான் முதலில் போய்க் குந்துவார். ஒரு பூண்டை எடுத்து உருட்டுவார். தாளைக் கிள்ளுவார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். விலை கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கி, அடுத்த குவியலுக்கு நகர்வார். அங்கேயும் அதே சோலி. எல்லாம் முடிந்து ஜீப்பில் ஏறக் காலைத் தூக்கிய பிற்பாடு, ஏதோ அப்போதுதான் கண்ணில் பட்டதுபோலத் திரும்பி, "அந்தா மூலையில ஒண்ணு கெடக்கே, அது யாரோடது?" என்பார். வெள்ளனே எழுந்து, மப்ளரைச் சுற்றிக்கொண்டு, பனியில் அத்தனை தூரம் அவர் வந்தது அந்த மூலைக் குவியலுக்காகத்தான்.

இது கவுஞ்சிக்காரர்களுக்குத் தெரியாமலில்லை. மலைச்சாமி என்று பூண்டு விளைவிக்கும் ஒரு சம்சாரி, நல்ல பூண்டை அவருக்கென்றே மூலையில் கொட்டிவைப்பார். "ராவுத்தரு அது வரைக்கும் வந்து சேர்றதுக்குள்ள நான் ஒரு டீயக் குடிச்சிட்டு வந்துருவேன்" என்று அவர் எதிரிலேயே சொல்வார். சாகுல் ஹமீதுக்கும் சிரிப்பு வரும். வந்தாலும் மறுவாரம் அதே குவியல், அதே உருட்டல்.

அந்தக் குணம் தாய்வழியில் இறங்கியது. அடுக்கம் மலைப்பாதை வழியாகப் பெரியகுளத்துக்குக் குதிரையில் பொதி ஏற்றிக்கொண்டிருந்த காசிம் ராவுத்தரின் கடைக்குட்டி மகளுக்கு மூத்த மகன் இவர். காசிம் ராவுத்தருக்குப் சோற்றுக்குப் பிடித்த ஆணம் எது என்று அவர் மையத்தாகிக் குழிக்குள் போகும்வரை வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பேரன் அதற்கும் ஒருபடி மேல். பெண் பார்த்த காலத்தில் தாயார் யார் யாரையோ சொல்லிக் கேட்டபோது, வத்தலக்குண்டு வீட்டைப் பற்றி விசாரித்தாராம், உத்தமபாளையத்து வீட்டைப் பற்றி விசாரித்தாராம். கடைக்குக் கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டேதான், "பழனியில மளிகைக்கட வீட்ல ஒரு புள்ள இருக்குன்னாகளே" என்று இழுத்தாராம். தாயார் அன்றைக்கே பழனிக்கு ஆள் அனுப்பிவிட்டார். அப்படி வந்து சேர்ந்தவர்தான் ஹமீதுன்னிசா. "எங்க வீட்டுக்காரரு கடைசியா என்ன கேக்குறாருன்னு மட்டும் காதுல வாங்குனாப் போதும், குடும்பம் நடத்திரலாம்" என்பது அந்த அம்மாள் சொல்லும் சூத்திரம்.

பழனி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் பொன்னுவேலுக்கும் இது பழக்கம்தான். ஒரு டார்ச் லைட்டுக்கு வந்தவர் இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, கிரைண்டர் எல்லாவற்றின் விலையையும் கேட்டுவிட்டுத்தான் டார்ச் லைட்டைத் திரும்பிப் பார்ப்பார். அவர் தலை தெரிந்ததும் பொன்னுவேல் தாமாகவே இஸ்திரிப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார்.

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் கடை, அட்டுவம்பட்டியில் வீடு. ஸ்வெட்டர் பையில் எப்போதும் ஒரு பூண்டுப்பல் கிடக்கும். யோசனை வந்துவிட்டால் அதை எடுத்துக் கட்டைவிரலால் தோலைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். அவர் கைகொடுத்த டூரிஸ்ட்டுகள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் கையை மோந்து பார்ப்பார்கள் என்று கடைத்தெருவில் ஒரு கேலி உண்டு.

ஒரே மகள் மஹீரா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்று நின்றபோதுதான், இத்தனை நாளும் கைகொடுத்த அந்தக் குணத்துக்குச் சோதனை வந்தது. எந்த ஊர் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. சாகுல் ஹமீது சென்னையைப் பற்றிக் கேட்டார், மதுரையைப் பற்றிக் கேட்டார், கோயம்புத்தூரைப் பற்றியும் கேட்டார். சாப்பிட்டுக் கைகழுவி எழுந்து நின்று, துண்டில் துடைத்துக்கொண்டே, "ஏன், நம்ம வாசல்லயே பொம்பளப் புள்ளைகளுக்கு யுனிவர்சிட்டி இருக்கு. அங்கயும் கம்ப்யூட்டரு சொல்லிக் குடுக்காகளாமே" என்றார். ஹமீதுன்னிசா மகளைப் பார்த்தார். மகள் தட்டைப் பார்த்தாள்.

வாசல் என்று அவர் சொன்னது மிகையில்லை. அட்டுவம்பட்டியில் அவர் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் அந்தப் பல்கலைக்கழகம். அங்கே சேர்ந்தால் மகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

மஹீராவோ அத்தாவுக்கு ஏற்ற மகள். சென்னையில் ஹாஸ்டல் எப்படியாம் என்பாள், மதுரையில் வெயில் எப்படியாம் என்பாள். போர்வையை இழுத்துக்கொண்டு படுக்கப் போகும்போதுதான், "கோயம்புத்தூர்லயும் ஒரு காலேஜ் இருக்காம்" என்பாள். சாகுல் ஹமீது அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் தம்முடைய பாஷை அவருக்குப் புரியாமல் போகுமா?

வேண்டிய கல்லூரிகளை வரிசையாகக் கம்ப்யூட்டரில் பதிந்து கொடுக்க வேண்டும் என்றார்கள். மகள் மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், சாகுல் ஹமீது பஸ் ஸ்டாண்டு அருகே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் தம் அக்கா மகன் முஆதிடம் உட்கார்ந்து அந்த வேலையை முடித்துவிட்டார். வாசல் கல்லூரி அந்த வரிசையில் வராது, அதற்குத் தனி விண்ணப்பம். அவர் மனத்தில் வஞ்சகம் ஒன்றுமில்லை. தம் ஆசை வாசல்தான் என்றாலும், மகளுக்குப் பிடித்தது கோயம்புத்தூர் என்று தெரிந்ததால் அதை வாங்கிக் கொடுக்கத்தான் போனார். சரக்கு எப்படி வாங்க வேண்டுமோ அப்படி வாங்கினார். சென்னையை முதலில் வைத்தார், மதுரையை அடுத்து வைத்தார், கோயம்புத்தூரை அடியில் கொண்டுபோய்ச் செருகினார். முஆத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "ஏலே, நீ எழுதுறத எழுது. வாங்குறவனுக்குத் தெரியும்" என்று அடக்கிவிட்டார்.

வரிசையை மாற்றுவதற்குக் கடைசி நாளன்று மத்தியானம், அத்தா அடுக்கிய விதம் மஹீராவின் காதுக்கு எட்டியது. முஆத் கடைக்கு ஓடினாள். சாகுல் ஹமீது அங்கே வந்து சேர்ந்தார். சமையலைப் பாதியில் விட்டுவிட்டு ஹமீதுன்னிசாவும் பின்னாலேயே வந்தார். வெளியே மேகம் இறங்கி எதிர்க்கடையை மறைத்துக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்குமேல் எதையும் மாற்ற முடியாது.

"யாரு அத்தா இப்பிடி அடுக்கச் சொன்னது?"

அவர் பெருமையாகவே சொன்னார். "ஆசைய எடுத்த எடுப்புலயே காட்டக் கூடாது மவளே. காட்டுனா எதிராளி பிகு பண்ணுவான்."

"எதிராளி யாரும் இல்லத்தா. அது மெஷினு. நம்ம மார்க்குக்கு எட்டுறதுல எது மேல இருக்கோ, அதான் நம்ம ஆசைன்னு எடுத்துக்கிரும். இப்பிடியே விட்டா சென்னைதான் விழும்."

சாகுல் ஹமீதுக்கு முகம் சுண்டிவிட்டது. பையிலிருந்த பூண்டுப்பல் கைக்கு வந்தது. "சரி, அப்ப எத மேல வைக்கணும், நீயே சொல்லு" என்றார்.

மகள் அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே, சென்னை விழுந்தால் நீங்கள் அனுப்பப் போவதில்லை, இருக்கட்டும், நான் வாசலிலேயே சேர்ந்துகொள்கிறேன் என்றாள். குரலில் கோபமில்லை. அதுதான் அவரைக் குத்தியது.

இப்போது அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தால் போதும். மனத்துக்குள் வைத்திருந்த மூலைக் குவியல், விலை பேசாமலே அவர் ஜீப்பில் ஏறிக்கொள்ளும். மகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவாள். யாரும் அவரைக் குறை சொல்லவும் முடியாது. பூண்டின் தோல் பொடிப்பொடியாக முஆதின் மேசைமேல் உதிர்ந்துகொண்டிருந்தது.

ஹமீதுன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை. "அத்தாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் நின்னு வேண்டாத குவியலையே உருட்டிக்கிட்டு இருங்க. சரக்கு வச்சிருக்குறவன் களத்தக் கூட்டிட்டு வீட்டுக்குப் போயிருவான். யாராச்சும் ஒருத்தரு வாயத் தொறக்கணும்ல?" என்றார்.

மஹீரா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் கண் வரிசையின் அடியிலேயே நின்றது. சாகுல் ஹமீது அந்தக் கண்ணைப் பார்த்தார். கவுஞ்சிக் களத்தில் ஜீப்பின் படியில் காலை வைத்துக்கொண்டு அவர் பார்க்கிற அதே பார்வை. பூண்டுப்பல்லைப் பையில் போட்டார்.

"ஏலே முஆத்து, கோயம்புத்தூர மேல தூக்குலே. வெரசாத் தூக்கு. எம் மவளுக்கு அதான் வேணும்."

சொல்லிவிட்டு, ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவர்போல எழுந்து வெளியே மேகத்துக்குள் போய் நின்றுகொண்டார்.

கோயம்புத்தூரே கிடைத்தது. சேர்க்கப் போன அன்று மூன்று பேரும் பழனியில் இறங்கிப் பஸ் மாற வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டிலேயே வெயில் அடித்தது. மஹீரா ஸ்வெட்டரைக் கழற்றிப் பெட்டிமேல் போட்டுவிட்டுத் துப்பட்டா நுனியால் விசிறிக்கொண்டாள். அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் இன்றுவரை ஃபேன் கிடையாது. மலையில் அதற்கு வேலையில்லை. சாகுல் ஹமீது மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இருவரிடமும் சொல்லிவிட்டு, ரோட்டைக் கடந்து போனார்.

அவரைக் கண்டதும் பொன்னுவேல் வழக்கம்போல இஸ்திரிப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். மிக்ஸிக்கும் கை நீட்டினார். சாகுல் ஹமீது இரண்டையும் பார்க்கவில்லை. மேசையைத் தாண்டி நேராகப் போய், சுவரோரம் நின்ற நீலநிற டேபிள் ஃபேனின் தலைமேல் கையை வைத்தார். பொன்னுவேல் வந்து அதை அட்டைப்பெட்டியில் வைக்கக் குனிந்தபோதும் அவர் அந்தக் கையை எடுக்கவில்லை.