லூப் என்னைத் தாண்டிப் போனது

போன செவ்வாய்க்கிழமை காண்ட்ராக்டர் கதிரேசன் ஷாதிபூரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் போன், முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது.

"பெரியம்மா, இந்தத் திருவிழாவுக்கு அஞ்சாம் நாள் எங்களுக்கு வந்திருச்சு. நெட்லயே போட்டுட்டாங்க."

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் முருகன் கோயிலில் பத்து நாள் மண்டகப்படி. ஒரு வீட்டுக்கு ஒரு நாள். ஐந்தாம் நாள் என்னுடையது, ஆறாம் நாள் கதிரேசனுடையது. இட்லிக் கடை நடத்திச் சேர்த்த காசில் நான் வாங்கிய நாள் அது. இந்தத் தீவில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு நாள்தான். அது எப்படி நடந்து போய்க் கதிரேசன் வீட்டில் உட்கார்ந்தது?

மாடியில் குடியிருக்கும் கோமதி பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறாள். கோயிலுக்கு அந்த நெட் பக்கத்தைச் செய்து கொடுத்ததே அவள்தான். படியேறிப் போனேன். கதிரேசனும் பின்னாலேயே வந்தார்... வேடிக்கையை விடுவாரா?

கோமதி கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். ஒரே அடைப்புக்குறியாக இருந்தது. வளைந்த குறிக்குள் இன்னொரு வளைந்த குறி. நானே எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். இதில் எங்கே போய்க் கூட்டுவது?

"இது பெரிய டப்பா அத்தை, நம்ம சங்கம். உள்ள ஒவ்வொரு வீடும் ஒரு சின்ன டப்பா. வீட்டுக்குள்ள தலைவர் பேரு, அப்புறம் ஆளுங்க பேரு."

"சரி. அதை யார் திறக்கிறது?"

"லூப் திறக்கும். முதல் வீடு, அடுத்த வீடுன்னு வரிசையா போய், தலைவர் பேரைப் படிச்சு, பேஜ்ல போட்டுட்டே வரும்."

"என் வீட்டுக்கும் வந்ததா?"

"வந்துச்சு. உங்க டப்பால தலைவர் காலி. காலியா இருந்தா பேஜ் உடைஞ்சு போகுது. அதனால நான்தான், காலியா இருந்தா அடுத்த வீட்டுக்குப் போன்னு ஒரு வரி எழுதி வச்சேன். அதுல உங்க நாள் அவருக்குப் போயிருச்சு."

வாசல்வரை வந்த லூப் உள்ளே எட்டிப் பார்க்காமல் போயிருக்கிறது! தபால்காரர்கூட ஒரு குரல் கொடுப்பாரே?

காலி எப்படி வந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. முன்னொரு நாள் கோயிலிலிருந்து விவரம் கேட்க ஒரு பையன் வந்திருந்தான். "குடும்பத் தலைவர் பேர் சொல்லுங்க" என்றான். வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் காலத்துப் பெண்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் பேசாமல் இருந்தேன், அவனும் எழுதாமல் போய்விட்டான்.

"அவ்ளோதானா? மாமா பேரை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க அத்தை. தோ மினிட்ல முடிஞ்சுரும்."

"பேர்தானே பெரியம்மா, குடுத்துட்டுப் போங்க" என்றார் கதிரேசன். "என் நாள் போனாலும் பரவால்ல."

எழுதத் தெரியும். ஆனால் கை வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்களைத் தீவில் குடியேற்றக் கப்பலில் ஏற்றிய காலம். மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு, "பீடி வாங்கிட்டு வர்றேன்" என்று இறங்கினார் வீட்டுக்காரர். கப்பல் கிளம்பிவிட்டது. அவர் வரவேயில்லை. இந்தப் பக்கம் இறங்குதுறை ஜெட்டியில் கணக்கெழுதும் முன்ஷி ஒவ்வொரு தலைவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிட்ட ஆள் முன்னே வர, அவர் பின்னால் பெண்டாட்டி பிள்ளைகள் நடந்தார்கள். என் வீட்டுக்காரர் பெயர் வந்தபோது நான் மட்டும் முன்னே போனேன்.

"ஆத்மி கிதர் ஹை?" என்றார் முன்ஷி, ஆள் எங்கே என்று.

கடலைக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஆள் இல்லாத வீட்டுக்கு நிலம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பெரார்கஞ்ச் ரோட்டுக்கு ஜல்லி சுமந்தேன். அப்புறம்தான் இட்லி.

இதைக் கோமதியிடம் சொன்னேன். "இந்த மண்ணில் கால் வைக்காத ஆளுக்கு என் ஐந்தாம் நாளை எழுதி வைக்கணுமா?" என்று கேட்டேன்.

கதிரேசன் போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

"லூப் என்னை மட்டும்தானா தாண்டியது?" கோபத்தில்தான் கேட்டேன்.

"இல்ல அத்தை, தலைவர் காலியா இருக்கிற எல்லாரையும் தாண்டும்."

"எல்லாரும்னா யார்?"

"தெரியாதே. தாண்டிப் போனதைப் பேஜ் காட்டாதுல்ல."

தாண்டியதும் தெரியாது, யாரைத் தாண்டியது என்றும் தெரியாது. இதை வைத்துக்கொண்டு ஊர் நடத்துகிறார்களா?

கோமதி அந்த வரியை அழித்தாள். தலைவர் காலியாக இருந்தால், வீட்டுக்குள் முதலில் இருக்கிற ஆளின் பெயரை எடு என்று வேறு வரி எழுதினாளாம். ஒரு பொத்தானைத் தட்டினாள்.

சண்முகத்தாய் — நான் வந்துவிட்டேன்.

என் கீழே பெரார்கஞ்ச் ராமாயி வந்தாள். மாயாபந்தர் செல்லம்மாள். தையல்கார மங்களம். எல்லாரும் ஒற்றை ஆள் வீடு. அவர்களிடமும் அந்தப் பையன் போயிருக்கிறான். அவர்களும் புருஷன் பெயரைச் சொல்லவில்லை. உங்கள் பெயர்தான் தலைவர் பெயர் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவும் இல்லை.

"அரே, இவங்கள்லாம் எங்க இருந்தாங்க?" என்றார் கதிரேசன்.

எனக்கு முதலில் சந்தோஷம். பிறகுதான் உறைத்தது: வீடுகள் கூடிவிட்டன, நாள் பத்துதானே?

ஞாயிற்றுக்கிழமை கோயில் கமிட்டி கூடியது. கதிரேசன் ஆறாம் நாளுக்கே திரும்பினார். ஒற்றை ஆளாக இருக்கும் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஐந்தாம் நாளைச் செய்யட்டும் என்று செயலாளர் தீர்த்தார். என் நாளை நாலாகப் பங்கு போட்டார்கள்... நியாயமா? நியாயம்தான் என்று கோமதி சொல்கிறாள். லூப் என்றால் என்ன என்பதைப் போலவே இதுவும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கடைசியில் செயலாளர், "அன்னைக்குக் கோயில் மாலை யாருக்கும்மா போடுறது?" என்று கேட்டார்.

நாலு பேரும் ஒரே நேரத்தில் அவரவர் பெயரைச் சொன்னோம் — என் குரல்தான் பெரிசு.